தண்ணீர் போகிற ஓட்டை

கெட்டிலில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் கொதிக்க வைப்பீர்கள் என்று டாமினிக் கேட்டபோதே கிளெண்டா என்ட்விசிலுக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டவன் கையில் இருந்தது அவள் போட்டுக் கொடுத்த தேநீர். இரண்டு சர்க்கரை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவனும் அவன்தான்.

"நீ வராத நாள்ல மூணு தடவ. நீ வந்தா நாலு," என்றாள்.

டாமினிக் சிரிக்கவில்லை. கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தட்டிக்கொண்டான். வீட்டுக்குச் சொந்தக்கார நிறுவனம் ஈரம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் ஆள். இருபத்தைந்து வயசு இருக்கலாம். காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையில் ஈரம் அளக்கும் கருவியோடு வருவான். சுவரில் அதன் இரண்டு ஊசிகளைக் குத்துவான். கருவி சிவப்பாக மினுங்கும். ஏதோ கிளெண்டாவே கருவிக்குள் புகுந்து அதைச் சிவக்க வைத்தது போல அவளைத் திரும்பிப் பார்ப்பான். இது நாலாவது முறை.

"துணிய ஹீட்டர் மேல போட்டுக் காய வைப்பீங்களா மிஸஸ் என்ட்விசில்?"

"பின்ன வெளியவா போடச் சொல்ற? வெளிய பாரு."

வெளியே மழை. டார்வென் ஊரில் மழை பெய்வது செய்தி அல்ல, நின்றால்தான் செய்தி. மலைச்சரிவில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கல்வீடுகளில் இவர்களுடையது கடைசிக்கு முந்தியது. அடிக்கிற காற்றும் மழையும் நேராக வந்து மோதுவது இந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலில்தான். அந்த ஜன்னலுக்குக் கீழே தொடங்கிய கருப்புப் பூஞ்சை கட்டில் தலைமாடு வரை படர்ந்திருந்தது. அவள் பிளீச் போட்டுத் தேய்ப்பாள். போய்விடும். அடுத்த மாசம் அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

ஜன்னல் கண்ணாடி முழுக்க மூட்டமாக இருந்தது. டாமினிக் சட்டைக்கையால் துடைத்தான். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தான்.

"அது உள்ள இருக்கு கண்ணு. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல. நீ சாயங்காலம் வரைக்கும் தொடச்சாலும் போகாது."

"ஓ," என்று கையை எடுத்துக்கொண்டான். "எப்படியோ, காத்தோட்டம் பத்தல. ஜன்னலத் தெறந்து வைக்கணும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. நானும் தெறந்தேன். தெறந்தது மூட வரல. அந்தக் கைப்பிடியப் பாரு."

ஜன்னல் கைப்பிடியைப் புருஷன் நெவிலின் குளியல் அங்கி இடுப்புக் கயிற்றால் ஹீட்டர் குழாயோடு இழுத்துக் கட்டியிருந்தாள். டாமினிக் அந்த முடிச்சை மரியாதையாகப் பார்த்தான். பிறகு, அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பிய வார்த்தையை எடுத்தான்.

"பாருங்க மிஸஸ் என்ட்விசில், இது ஜன்னல் பிரச்சன இல்ல. இது வாழ்க்கை முறை. ஒரு ரூம்ல ரெண்டு பேர் ராத்திரி பூரா மூச்சு விட்டாலே எவ்வளவு தண்ணி சேரும் தெரியுமா?"

"அப்ப மூச்சு விடறதக் கொறச்சுக்கணுமா? என் புருஷன் ஆஸ்பத்திரில அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்காரு."

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. வாங்க காட்டுகிறேன் என்று கீழே போய் முன்னறைக் கதவைத் திறந்தான். நல்ல சோபாவும் பீங்கான் வைத்த கண்ணாடி அலமாரியும் இருக்கிற அறை. கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டுமே திறக்கிற அறை. அந்தத் தெருவில் எல்லோரும் பின்பக்கச் சமையலறையில் முட்டிக்கொண்டு கிடப்பார்கள், முன்னறையை விருந்தாளிக்கென்று பூட்டி வைப்பார்கள். டாமினிக் அங்கே ஜன்னலுக்கடியில் ஊசியைக் குத்தினான். கருவி பச்சையாக மினுங்கியது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா? அதே ஜன்னல், அதே வருஷம் போட்டது, அதே மழை. இந்த ரூம்ல ஆள் புழங்கறதில்ல. அதான் காஞ்சு கெடக்கு. நீங்க எங்க வாழறீங்களோ அங்கதான் ஈரம்."

கிளெண்டாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கோபத்திலேயே மோசமான கோபம், பதில் தெரியாதபோது வருகிற கோபம். பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு அவன் போனான். அந்தப் பாட்டிலை அவன் கார் மேல் வீசலாமா என்று அவள் வாசலில் நின்று யோசித்தாள். மழை என்பதால் விட்டுவிட்டாள்.

கோபம் பாட்டிலோடு போகிற விஷயமாக இல்லை. நெவிலை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்க்க, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபியோனா என்ற பெண் வரப்போகிறாள். நெவிலின் நுரையீரல் இருக்கிற நிலையில் பூஞ்சை பிடித்த அறையில் படுக்க வைக்க முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அறை சரியில்லை என்றால் பிளாக்பர்ன் சாலையில் இருக்கிற முதியோர் இல்லம். அங்கே முன்வாசலாகப் போன யாரும் முன்வாசலாகத் திரும்பி வந்ததைக் கிளெண்டா பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெவில் தலையணைகளில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான் அந்த ஊசிக்காரன்?"

"வாழ்க்கை முறையாம்."

"வாழ்க்கை முறையா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பது வருஷம் வால்பேப்பர் ஆலைல நின்னவனுக்கு வாழ்க்கை முறைன்னு ஒண்ணு இருந்துச்சாமா? விடாத கிளெண்டா. அவனுங்க போட்ட ஜன்னல் ஓட்டை. அந்த வீட்டுக்கு அவனுங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. பாத்துப் பாத்துச் செஞ்சதெல்லாம் நான். சும்மா விடாத."

அந்த நிறுவனத்தைத் திட்டும்போது மட்டும் அவர் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் சில நாள் இல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். அன்று சேர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். வரிசையில் காத்திருங்கள் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு பியானோ வாசிக்கப் போய்விட்டது. பியானோ முடிகிற வழியாக இல்லை. கிளெண்டா போனை அணைத்தாள். சரி, எவனும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதே போனில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பழுது என்று தேடினாள்.

போன் திரையில் ஒரு காணொளியில் டான்காஸ்டர் ஊர்க்காரன் ஒருவன் வந்தான். வழுக்கைத் தலை, சட்டைக்குள் அடங்காத தொப்பை, வாய் ஓயாத பேச்சு. அவனைப் போனோடு படுக்கையறை ஜன்னல் விளிம்பில் பிஸ்கட் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

"ஜன்னல் மூட வரலன்னா புது ஜன்னல் வாங்கச் சொல்லுவானுங்க, கேக்காதீங்க மக்களே," என்றான் அவன். "மொதல்ல கீலப் பாருங்க. அழுக்குத் தொடைங்க. எண்ணெய் விடுங்க. திருகாணிய முடுக்குங்க."

குளியல் அங்கிக் கயிற்றை அவிழ்த்தாள். கீலில் பல வருஷ அழுக்கு, செத்த பூச்சிகள், மணல். பழைய பல்துலக்கியால் தேய்த்து, எண்ணெய் விட்டு, திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். ஒவ்வொரு திருகாணிக்கும் டாமினிக் பெயரைச் சொன்னாள். ஜன்னலைத் தள்ளினாள். டக்கென்று மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து, திரும்ப மூடினாள். ஒன்றுமில்லாத வேலை. இதற்கா இத்தனை மாசம் கயிறு கட்டிக் கிடந்தோம் என்று வந்ததே ஒரு எரிச்சல், சந்தோஷப்படக்கூட விடவில்லை.

டான்காஸ்டர்காரன் மூட்டத்துக்கு வந்தான். கண்ணாடி இரண்டையும் ஒட்டியிருக்கிற ஓரம் விட்டுப்போனால் உள்ளே ஈரம் புகும், அதற்குக் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை என்றான். "ஆனா ஓரம் ஏன் விட்டுப்போச்சு? அதக் கேளுங்க மொதல்ல. பாதி வீட்டுல கண்ணாடி தண்ணிலயே நின்னுக்கிட்டு இருக்கும். ஒரு ஜக்குல தண்ணி எடுங்க. ஜன்னலத் தெறந்து கீழ்ச் சட்டத்துல இருக்கற பள்ளத்துல ஊத்துங்க. வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை வழியா தண்ணி ஓடிரணும். மழத் தண்ணி போறதுக்குத்தான் அந்த ஓட்டை. ஓடலன்னா, அங்கதான் உங்க பிரச்சன."

ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பள்ளம் நிரம்பியது. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு உள்பக்கமாக விளிம்பைத் தாண்டி, சுவரில் பூஞ்சை இருக்கிற அதே பாதையில் இறங்கி, அவளுடைய செருப்பை நனைத்தது.

கிளெண்டா அசையாமல் நின்றாள். பூஞ்சையின் வடிவம் ஏன் மாறுவதே இல்லை என்று அப்போது புரிந்தது. மூச்சுக்காற்று நேர்கோட்டில் இறங்காது. தண்ணீர்தான் இறங்கும்.

மழையில் தலையை வெளியே நீட்டி, சட்டத்தின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவினாள். ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு தடிப்பு ஓடியது. யாரோ சிலிக்கான் பசை போட்டு அடைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மாட்டிக்கொண்டார்கள். நிறுவனத்து ஆட்கள் என்றைக்கோ வந்து அடைத்துவிட்டுப் போய், பழியை அவள் கெட்டில் மேலும் நெவிலின் மூச்சின் மேலும் போட்டிருக்கிறார்கள். படம் எடுத்து டாமினிக் மூஞ்சியில் வீச வேண்டும். மேலே இருந்து படம் சரியாக விழவில்லை. மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் படியிறங்கி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். அங்கேயும் அதே வெள்ளைக் கோடு, கண்ணுக்கு நேராக. போனைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. கோடு ரொம்ப அழகாக இருந்தது. ஒரு மேடு பள்ளம் இல்லாமல், ஈர விரலால் நீவிவிட்டது போல, முடிகிற இடத்தில் லேசாக மேலே தூக்கிய ஒரு சின்ன வால். நிறுவனத்து ஆட்கள் இவ்வளவு அக்கறையாக எதையும் செய்ததில்லை. இந்த வாலை அவள் தினமும் குளியல் தொட்டி ஓரத்தில் பார்க்கிறாள். "கடைசில விரல லேசாத் தூக்கணும், அதுலதான் இருக்கு கைவேல," என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்கிற ஒரே ஆள் நெவில்.

நகத்தால் ஓரத்தைக் கிளறினாள். ஒரு பட்டை உரிந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு பட்டை. அதற்கும் கீழே இன்னொன்று. வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னால் காற்று வருகிறது, காற்று வருகிறது என்று முனகிக்கொண்டு ஏணியும் சிலிக்கான் துப்பாக்கியுமாக வீட்டைச் சுற்றி வருவாரே, அந்த வருஷமெல்லாம் அடுக்கடுக்காக அங்கே இருந்தன.

பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். ஓட்டைகள் திறந்து கிடந்தன. தண்ணீர் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு முன்பக்கம் ஓடினாள். முன்னறை ஜன்னலுக்குக் கீழே அவளுடைய ஹைட்ரேஞ்சா செடி புதராக நிற்கும். அதன் மேல் ஏணியைப் போட்டால் கையை ஒடிப்பேன் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். கிளைகளை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் ஓட்டைகள் திறந்திருந்தன. வீட்டிலேயே நெவில் கை வைக்காத ஒரே ஜன்னல் அது. வீட்டிலேயே காய்ந்த ஒரே அறையும் அது.

கம்பளி பின்னுகிற கொக்கி ஊசியை எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் குத்தி இழுத்தாள். சிலிக்கான் புழு மாதிரி நீளமாக வந்தது. அதன் பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பூச்சாடியில் மறந்துபோன தண்ணீரின் நாற்றம்.

"மடையா," என்றாள் கிளெண்டா ஜன்னலைப் பார்த்து. "அடிமுட்டாளே. கைவேலையாம் கைவேல. நீயும் உன் வெரலும்."

பக்கத்து வீட்டு போலின் குடையோடு வெளியே வந்தாள். "யாரடி திட்டற?"

"என் புருஷன."

"அவருதான் இங்க இல்லையே."

"அதனாலதான் ஜன்னலத் திட்டறேன்."

எல்லா ஜன்னலையும் குத்தித் திறந்து முடிக்கும்போது அவள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நனைந்திருந்தாள். கோபம் மட்டும் நனையவில்லை. இத்தனை வருஷம் யாரைத் திட்டினாளோ அவர்கள் மேல் இருந்த கோபத்தைப் பிடுங்கி இவர் மேல் போட வேண்டும். போடவும் முடியவில்லை. அந்த ஆள் மூக்கில் குழாயோடு கிடக்கிறார். அதுவும் இதனாலேயே கிடக்கிறார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. ஆத்திரத்தில் அழுவது அவளுக்குப் பிடிக்காது. அதற்கும் சேர்த்து நெவிலைத் திட்டினாள்.

படுக்கையறைச் சுவர் வியாழக்கிழமைக்குள் காயாது. வசந்தம் வந்தால் காயலாம். போலினும் அவள் புருஷன் ட்ரெவரும் வந்தார்கள். நல்ல சோபாவை நடைவழியில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து முன்னறையில் போட்டார்கள். "நல்ல அறைலயா போடற?" என்று போலின் மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கிளெண்டா பார்த்த பார்வையில் நான்காவது முறை கேட்கவில்லை.

நெவில் செய்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். டாமினிக்குக்குத் தெரிந்தால் நிறுவனம் கையைக் கழுவிவிடும். நெவிலுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோகும். மனுஷன் ஒழுங்காக மூச்சு விட்டுத் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

வியாழக்கிழமை ஃபியோனா வந்தாள். டாமினிக்கும் வந்தான். ஃபியோனா ஐம்பது வயசுப் பெண். யாருடைய தேநீரையும் வாங்காமல் நேராக முன்னறைக்குப் போய் கட்டில், கதவு, மின்சார இணைப்பு எல்லாம் பார்த்தாள். டாமினிக் சுவரில் ஊசியைக் குத்தினான். பச்சை.

"நல்லது," என்றாள் ஃபியோனா. "இங்க வச்சுக்கலாம்."

கிளெண்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து டாமினிக் வாயைத் திறந்தான்.

"நான் சொன்னேன்ல மிஸஸ் என்ட்விசில். இங்க யாரும் வாழல, அதான் காய்ஞ்சிருக்கு. இனிமே இங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டா, இதுவும் ஆறு மாசத்துல—"

கிளெண்டா அவன் சட்டைக்கையைப் பிடித்தாள். நீல உறை மாட்டிய காலோடு அவனை மழையில் இழுத்துக்கொண்டு போய், ஹைட்ரேஞ்சா புதருக்குள் தள்ளி, அவன் விரலை எடுத்து ஜன்னல் சட்டத்தின் ஓட்டையில் வைத்தாள்.

"இது என்ன?"

"இது... தண்ணி வடியற ஓட்டை."

"ஓ, தெரியுமா உனக்கு? மத்த எல்லா ஜன்னல்லயும் இது அடைச்சுக் கெடந்துச்சு. அதான் ஈரம். கெட்டில் இல்ல, மூச்சு இல்ல."

"யாரு அடைச்சது?"

சொல்லக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் பொய் சொல்லி இவன் முன்னால் தலைகுனிவதை விட உண்மையைச் சொல்லி இவனைத் திட்டுவது மேல் என்று பட்டது.

"என் புருஷன்தான் அடைச்சாரு. அது அவரு தப்பு, நான் அவரப் பாத்துக்கறேன்."

டாமினிக் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "அப்படின்னா இது குடியிருக்கறவங்க செஞ்ச சேதத்துல வரும் மிஸஸ் என்ட்விசில்."

"நாலு தடவ வந்தியே. சுவத்துல ஊசி குத்தின, என் கெட்டில எண்ணின, நாங்க விடற மூச்சக் கணக்குப் பாத்த. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வெளிய வந்து ஜன்னலப் பாத்தியா?"

டாமினிக் புதருக்குள் நின்றபடி நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "மழை பெஞ்சுதே," என்றான்.

வாசலில் நின்றுகொண்டிருந்த ஃபியோனா பேனாவை எடுத்தாள். "மழை பெஞ்சதால வெளிய பாக்கலன்னு சொன்னீங்களே, அத நான் அப்படியே எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். டாமினிக் இல்லை, வேண்டாம், கண்ணாடியும் சுவர்ப்பூச்சும் மாற்றுவதற்கு அலுவலகத்தில் பேசுகிறேன் என்றான். எழுதிக்கொண்டே ஃபியோனா தன் காரை நோக்கி நடந்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளெண்டா கொஞ்சம் லேசாக இருந்தாள். டாமினிக்கைப் புதரில் தள்ளிய கதையை நெவிலுக்கு எப்படிச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள்.

"திங்கக்கெழம வீட்டுக்கு," என்றாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "முன் ரூம்ல கட்டில் போட்டாச்சு."

"முன் ரூம்லயா?" நெவிலுக்கு அதிர்ச்சி. "விருந்தாளி வந்தா எங்க உக்காருவாங்க?"

"கடைசியா யாரு வந்தா?"

அவர் யோசித்தார். "உங்க அம்மா செத்தப்ப பாதிரியார் வந்தாரு."

"அவரு மறுபடி வராம இருக்கத்தான் உன்ன அங்க படுக்க வைக்கிறேன்."

நெவில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. நிறம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"கெட்டிக்காரி. ஆனா ஒண்ணு. அந்த ஜன்னல்ல காத்து வரும். உன் செடிக்காக அத மட்டும் நான் தொடவே இல்ல பாரு. ட்ரெவர்கிட்டச் சொல்லு. என் துப்பாக்கி மாடிப்படிக்குக் கீழ இருக்கு. கீழ்ப் பிரேம்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஒரு கோடு இழுத்துவிட்டுரச் சொல்லு. நான் வர்றதுக்குள்ள."

கிளெண்டா அவரைப் பார்த்தாள். பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த பொறுமை எல்லாம் அந்த ஒரு நொடியில் காணாமல் போனது.

"அது காத்து வர்ற ஓட்டை இல்ல நெவில். தண்ணி போற ஓட்டை."

"என்ன?"

"தண்ணி. மழத் தண்ணி. வெளிய போறதுக்குன்னு வச்ச வழி. நீ அடைச்ச. அது உள்ள வந்துச்சு. வருஷா வருஷம் நீ அடைச்ச, வருஷா வருஷம் உள்ள வந்துச்சு. அந்தப் பூஞ்ச அவனுங்க போட்டது இல்ல. நீ போட்டது."

குரலை உயர்த்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"விசில் அடிச்சுது," என்றார் நெவில். "காத்து அதுல விசில் அடிச்சுது. நீதான் தூக்கம் வரலன்ன."

"தூக்கம் வரலன்னுதான் சொன்னேன். வீட்ட மூழ்கடின்னு சொல்லல."

அவர் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே நெஞ்சைத் தொட்டார்.

"அப்ப இது?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. நிறுவனத்தைப் பற்றிச் சேர்த்துச் சொன்னது தவிர, இத்தனை வருஷத்தில் அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆலைத் தூசி பாதி, பூஞ்ச பாதின்னு டாக்டர் சொன்னாரு. அவரு சொல்றப்ப நீயும் பக்கத்துலதான இருந்த."

"அந்த ஊசிக்காரன் பாக்கலியா? நாலு தடவ வந்தானே."

"பாக்கல. மழையாம்."

நெவிலின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருமல் வந்தது. அவள் எழுந்து முதுகைத் தாங்கிக்கொண்டு, தண்ணீர்க் கோப்பையை வாயில் வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் அவர் சட்டையில் சிந்தியது.

"கோவமா இருக்கியா?" என்றார் அவர், மூச்சு வந்ததும்.

"ஆமா."

"ரொம்பவா?"

"சாகுற வரைக்கும் தீராது."

"யாரு சாகுற வரைக்கும்?"

கோப்பையை மேஜையில் வைத்தாள். சிந்திய இடத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"நீ மொதல்ல வீட்டுக்கு வா," என்றாள் கிளெண்டா. "திட்ட வேண்டியது எவ்வளவோ இருக்கு. இங்க வச்சு ஆரம்பிச்சா பாதிலயே என்ன வெளிய அனுப்பிருவாங்க."